மூன்று நோட்டும் ஒரு ஃபைலும்

"பேரு எழுதாத. நம்பரு எழுது."

தாத்தா என்னிடம் அதிகம் சொன்னது இதைத்தான். எனக்கு அப்போது பதினோரு வயது. அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது. பழவேற்காடு ஏரியில் எங்கள் குப்பத்துக்குரிய பாடு கணக்கை வெகுகாலம் எழுதிவந்தவர், எழுத்து கலங்கித் தெரிய ஆரம்பித்ததும் பேத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டார். கணக்கு அவர் வாயில், பேனா என் கையில். பேரன்களும் இருந்தார்கள். அவர்கள் கையெழுத்து சேற்றில் நண்டு ஊர்ந்த மாதிரி இருக்கும்.

நோட்டு மூன்று. முதலாவது தலைக்கட்டு நோட்டு. கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. அவர் பெயர், அவர் அப்பா பெயர், பக்கத்தில் ஒரு எண். இரண்டாவது முறை நோட்டு. எந்த நாள், எந்த இடம், யாருக்கு. இதில் எண்ணைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. மூன்றாவது வரவு செலவு. அதிலும் எண்தான். ஒருமுறை முறை நோட்டில் சித்தப்பாவின் பெயரைக் கொம்பெல்லாம் சுழித்து அழகாக எழுதிவிட்டேன். அண்ணன் படித்துக் காட்டிக்கொடுத்தான். தலையில் குட்டு விழுந்தது.

"பேர் எழுதினா இன்னா தாத்தா? படிக்கறதுக்கு ஈஸியா இருக்கும்ல?"

"ஆளு மாறிக்கினே இருப்பான். ஒருத்தன் செத்துப்பூடுவான், ஒருத்தன் கல்யாணம் கட்டிக்கினு புதுசா வருவான். மாறுனா அந்த ஒரு நோட்ட மட்டும் திருத்து. மத்த ரெண்டையும் தொடாத."

குட்டு வலித்ததால் வாயை மூடிக்கொண்டேன். விஷயம் புரியவில்லை. புரிவதற்குள் இன்ஜினியரிங் படித்து, சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் சேர்ந்து, பத்து வருஷம் சம்பளமும் வாங்கியாகிவிட்டது.

பாடு என்றால் என்னவென்று ஏரிக்கரை தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் இறங்கும் தடங்கள் சில உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வேகமெடுக்கும் இரவுகளில் அங்கே கழி நட்டுச் சுத்து வலை கட்டினால் இறால் விழும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழாது. நல்ல இடத்துக்கு எல்லோரும் பாய்ந்தால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் என்ற மூன்று ஊர்க்காரர்களும் முறை வைத்துக்கொண்டார்கள். ஊருக்குள் சீட்டுப் போட்டுத் தலைக்கட்டுகளுக்கு இடம் பிரித்துக்கொண்டார்கள். இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் கட்டுவலைக்காரர்கள் இப்படிச் சீட்டுப் போட்டுத்தான் தொழில் செய்கிறார்கள். எங்கள் ஏற்பாட்டைப் பற்றி செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வை ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு 1991-ல் வெளியிட்டது. அந்த மூன்று ஊரில் எது எங்களுடையது என்பதை விட்டுவிடுகிறேன். சித்தப்பா இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குப்பத்துக்கு வந்துவிட்டேன். தாத்தா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. கணக்கு சித்தப்பாவிடம். அவர் நோட்டுகளை மூட்டை கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு எல்லாவற்றையும் செல்போனிலேயே எழுதிவைத்திருந்தார். முறை யாருக்கு, பாக்கி யாருக்கு, யார் மாற்றிக்கொண்டார்கள் என்பதெல்லாம் ஒரே நீள வரியாக ஓடும். அதைத் தேடுவதற்குள் வாசலில் சண்டை ஆரம்பித்துவிடும். "நீ கம்ப்யூட்டர்லதான இருக்க, இத ஒரு வழி பண்ணு" என்றார்.

பண்ணினேன். இரண்டு மாதத்தில் பைத்தானில் ஒரே ஃபைலாக இரண்டாயிரத்துச் சொச்சம் வரி. காலையில் ஓடவிட்டால் இன்று எந்த ஊர், எந்த இடம், யார் என்று கணக்குப் போடும். அமாவாசைக்கு எத்தனை நாள் என்று சொல்லும். ஒரு பழைய போனில் சிம் போட்டு மடிக்கணினியோடு இணைத்திருந்தேன். அதன் வழியாக அவரவருக்கு எஸ்எம்எஸ் போகும். குப்பமே மெச்சியது. எனக்கும் தலைக்கனம் ஏறியது.

ஆபீஸில் இப்படி எழுதினால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். வீட்டு வேலைதானே என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். ஒரு மனிதரின் பெயரும் போன் நம்பரும் அந்த ஃபைலில் பதினோரு இடத்தில் இருந்தன. தேவைப்பட்ட இடத்திலெல்லாம் வெட்டி ஒட்டியிருந்தேன்.

ஜூன் கடைசியில் எங்கள் தெருவில் ஒருவர் இறந்துபோனார். மாரடைப்பு. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஃபைலைத் திறந்து அவர் பெயரை எடுத்தேன். ஒன்பது, பத்து என்று எண்ணிக்கொண்டேதான் எடுத்தேன். ஒன்று விட்டுப்போயிற்று.

அதற்கடுத்த அமாவாசைக்கு முந்தின நாள் காலை அவர் மனைவி வந்தார். எனக்கு அத்தை முறை. கையில் அவருடைய போன். அதை அணைக்காமல் சார்ஜ் போட்டே வைத்திருந்திருக்கிறார்.

"இன்னிக்கு அவுருக்குப் பாடுன்னு வந்துக்குதும்மா" என்றார். கோபம் இல்லை. செய்தியை எனக்குக் காட்டினார், அவ்வளவுதான். பிறகு, "வலை எடுத்து வெக்கணுமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, தான் என்ன கேட்டோம் என்று புரிந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரி ஏணி வைத்துப் பரண் ஏறினேன்.

நோட்டுகள் கரையான் அரித்திருந்தாலும் படிக்க முடிந்தது. என் கையெழுத்து, பதினோரு வயது. தலைக்கட்டு நோட்டில் அடித்தல் திருத்தல் நிறைய. முறை நோட்டில் எண் எண்ணாகப் போய்க்கொண்டே இருந்தது. தலைக்கட்டு நோட்டில் ஒருவர் பெயரை அடித்து அவர் மகன் பெயரை எழுதியிருந்தேன். அந்த மாதம் முறை நோட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாளே ஃபைலைப் பிரிக்க உட்கார்ந்தேன். முதலில் தப்பாகத்தான் பிரித்தேன். பட்டியலைப் படிப்பது ஒரு ஃபைல், கணக்குப் போடுவது ஒரு ஃபைல், செய்தி எழுதுவது ஒன்று, அனுப்புவது ஒன்று. வேலை நடக்கிற வரிசையில் வெட்டினேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. ஆனால் ஆளுக்கு இரண்டு போன் நம்பர் சேர்க்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டதும் நான்கு ஃபைலையும் திறக்க வேண்டியிருந்தது. படித்த ஃபைலுக்கும் தெரியும், கணக்குப் போட்ட ஃபைலுக்கும் தெரியும், பட்டியலில் எத்தனையாவது கட்டத்தில் போன் நம்பர் இருக்கிறதென்று. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்த கூட்டுக்குடும்பம் அது.

டேவிட் பார்னாஸ் என்ற கணினி அறிவியலாளர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையைக் கல்லூரியில் பரீட்சைக்காகப் படித்திருக்கிறேன். வெளிவந்தது 1972 டிசம்பரில். வரிகளின் சொற்களைச் சுழற்றி அகரவரிசைப்படுத்தும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொண்டு அதை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, வேலை நடக்கும் வரிசைப்படி. இன்னொன்று, நாளைக்கு எது மாறக்கூடுமோ அதை ஒவ்வொன்றாக ஒரு மாட்யூலுக்குள் ஒளித்துவைக்கிற விதம். மற்ற மாட்யூல்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கலாம். உள்ளே எப்படி வைத்திருக்கிறாய் என்று எட்டிப் பார்க்கக் கூடாது. இதற்குத்தான் பதின்மூன்று மார்க் வாங்கினேன். தாத்தாவிடம் குட்டு வாங்கியதும் இதற்குத்தான் என்று அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் தடவை நோட்டுப்படியே பிரித்தேன். தலைக்கட்டு ஒரு ஃபைல். ஆள், போன், குடும்பம் எல்லாம் அதற்குள். வெளியே தெரிவது எண் மட்டும். முறை ஒரு ஃபைல். சீட்டு எப்படி விழுந்தது, எந்த நாள் எந்த ஊர் என்பது அதற்குள். கணக்கு ஒன்று. தாத்தாவிடம் இல்லாத இரண்டு கூடுதலாக வந்தன: நிலாவைப் பார்க்க ஒன்று, சேதி அனுப்ப ஒன்று.

இந்த இடத்தில் என் சித்தப்பா மகன் வருகிறான். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம், கணினி அறிவியல். தமிழ்நாட்டுப் பாடநூலில் பைத்தான் வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் பூட்டிக்கிடந்ததால் புத்தகத்தை வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். நான் 'ஸ்கோப்' என்றால் அவன் 'வரையெல்லை' என்பான். நான் 'இம்போர்ட்' என்றால் 'இறக்கம் செய்தல்' என்பான். இறக்கம் என்ற சொல் எனக்குப் பிடித்துவிட்டது. படகிலிருந்து கூடையை இறக்குகிற ஊரில் அது பொருந்தாமல் போகுமா?

ஃபைல் பெயர்களைத் தமிழில் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் அவன்தான். நான் சிரித்தேன். பிறகு வைத்துப் பார்த்தால் வேலை செய்தது. பைத்தான் மூன்றாம் பதிப்பிலிருந்து தமிழ் எழுத்தில் பெயர் வைக்கலாம் என்று எனக்குத் தெரியும்; ஆபீஸில் யாரும் செய்ததில்லை. 'முறை', 'கணக்கு', 'சேதி' என்று திரையில் பார்த்தபோது தாத்தாவின் அட்டைமேல் நான் எழுதிய லேபிள் போலவே இருந்தது. நிலா ஃபைலுக்கு மட்டும், பழக்கதோஷம், ஆங்கில எழுத்தில் காலண்டர் என்று பெயர் வைத்தேன்.

அந்த ஒரு பெயர் இரண்டு நாளைத் தின்றது.

அதுவரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த எஸ்எம்எஸ் நின்றுவிட்டது. பிழைச்செய்தியைப் பார்த்தால் நான் எழுதாத ஏதோ ஒரு நூலகத்தின் வயிற்றுக்குள்ளிருந்து வருகிறது. 'காலண்டரில் டைம்ஜிஎம் என்பதை இறக்க முடியவில்லை' என்கிறது. டைம்ஜிஎம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. சிம்மைக் கழற்றி மாட்டினேன். போனை அணைத்துப் போட்டேன். நூலகத்தை அழித்து மறுபடி ஏற்றினேன். இரண்டாம் நாள் மாலை அந்தச் செய்தியின் வாலில் இருந்த ஃபைல் முகவரியை நிதானமாகப் படித்தேன். அது என் வீட்டு முகவரி.

பைத்தானிலேயே காலண்டர் என்ற பெயரில் ஒரு மாட்யூல் உண்டு. போனோடு பேச நான் பயன்படுத்திய நூலகம் உள்ளுக்குள் அதைக் கூப்பிடுகிறது. ஆனால் பைத்தான் ஒரு பெயரைத் தேடும்போது, ஓடிக்கொண்டிருக்கும் நிரல் எந்த ஃபோல்டரில் இருக்கிறதோ அங்கேதான் முதலில் பார்க்கும். அங்கே என்னுடைய காலண்டர் நின்றுகொண்டிருந்தது. 'இதோ வந்தேன்' என்று அது போய் நின்றிருக்கிறது. கேட்ட பொருள் அதன் கையில் இல்லை.

குப்பத்தில் இந்தச் சிக்கலுக்கு என்றைக்கோ வழி கண்டுவிட்டார்கள். ஒரே குலசாமி பெயர் வைத்தவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. கட்டையன், மிலிட்டரி, வேப்பமரத்து வீட்டான் என்று சொன்னால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பான். வெறும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பக்கத்தில் இருக்கிறவன்தான் வருவான். ஃபைல்கள் எல்லாவற்றையும் 'பாடு' என்ற ஒரு ஃபோல்டருக்குள் போட்டு, பாடு வீட்டு நிலா, பாடு வீட்டுக் கணக்கு என்று முழுப்பெயரால் கூப்பிடும்படி மாற்றினேன். காலண்டர் 'நிலா'வாயிற்று. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.

இந்த மொழியைச் செய்த கைடோ வான் ராசம் ஒரு டச்சுக்காரர் என்று அவனிடம் சொன்னேன். 1991-ல் வெளியே விட்டார்; மாட்யூல் என்ற ஏற்பாட்டை மாடுலா-3 என்ற இன்னொரு மொழியிலிருந்து எடுத்துக்கொண்டார். அவன் ஜன்னல் வழியாக டச்சுக் கல்லறை இருக்கும் திக்கைப் பார்த்தான். 1613-ல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் வியாபாரத்துக்கு இதுதான் தலைமையிடமாக இருந்தது. கோட்டை இடிந்து புதர் மண்டிவிட்டது. "அவங்க இன்னும் போகலபோல" என்றான்.

பிறகு அந்த ராத்திரி.

சேதி ஃபைலின் அடியில், சோதித்துப் பார்ப்பதற்காக, எல்லோருக்கும் அனுப்பு என்று இரண்டு வரி எழுதிவைத்திருந்தேன். கணக்கு ஃபைலுக்கு சேதியிலிருந்து ஒரு சின்ன வேலை தேவைப்பட்டது. ரூபாயைக் கமா போட்டு எழுதுகிற வேலை. மேலே ஒரு வரி இறக்கம் எழுதிவிட்டு ஓடவிட்டேன். மணி இரண்டு. பக்கத்து வீட்டில் போன் அடித்தது. எதிர்வீட்டில் அடித்தது. தெருக்கோடி வரைக்கும் டிங் டிங் என்று போயிற்று. நாற்பத்தேழு போன். 'இன்று உங்கள் பாடு.'

ஒரு மாட்யூலை முதல்முறை இறக்கும்போது பைத்தான் அதை மேலிருந்து கீழ்வரை ஓடவிடும். வெறுமனே எடுத்துப் பார்ப்பதில்லை. கூடைக்குள் உயிரோடு என்ன கிடந்தாலும் அது துள்ளிக் குதிக்கும். 'நான் நேரடியாக ஓடுகிறேனா, இன்னொருவர் என்னை இறக்கியிருக்கிறாரா' என்று ஃபைல் தன்னையே கேட்டுக்கொள்ள ஒரு வரி உண்டு. அந்தச் சோதனை வரிகளை அதன் கீழே வைத்திருக்க வேண்டும். பயிற்சி வகுப்பில் வருகிறவர்களுக்கு நானே இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விடியும்வரை வாசல் வாசலாகப் போய் "இல்ல பெரியப்பா, தப்பா வந்துட்ச்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு படகுத்துறைக்கே போய்விட்டார். வானத்தில் பாதி நிலா. அதைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும், இன்று வலை கட்டிப் பயனில்லை என்று. "போன்ல வந்துச்சே" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு வயிறு கலங்கியது.

சரி, இன்னொன்று. இதைத்தான் சொல்ல வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன்.

முறை ஃபைலுக்குத் தலைக்கட்டு தேவை. எண் கொடுத்தால் அந்த ஆள் இருக்கிறாரா என்று கேட்க. தலைக்கட்டுக்கு முறை தேவை. புது ஆள் சேரும்போது கடைசி எண் எது என்று கேட்க. இது அதை இறக்கியது, அது இதை இறக்கியது. பைத்தான் பாதி வழியில் நின்றது. 'பாதி தயாரான மாட்யூலிலிருந்து எடுக்கப் பார்க்கிறாய், வட்டமாகச் சுற்றுகிறாய் போலிருக்கிறது' என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி. 'நீ முதலில் படகில் ஏறு', 'இல்லை, நீ ஏறு' என்று இரண்டு பேரும் கரையிலேயே நிற்கிற கதை.

தாத்தா என்ன செய்தார் என்று பார்க்க மறுபடி நோட்டை எடுத்தேன். தலைக்கட்டு நோட்டின் அட்டைக்குள் ஒரு துண்டுத் தாள் மடித்துச் செருகியிருந்தது. நான் எழுதியதல்ல. அவர் கை, கண் நன்றாக இருந்த காலத்தது. ஒரே ஒரு எண்வரிசை. எழுதி, அடித்து, அடுத்தது எழுதி. கடைசியாகக் கொடுத்த எண் எது என்பது மட்டும். இரண்டு நோட்டும் ஒன்றையொன்று கேட்காமல் அந்தத் தாளைக் கேட்டிருக்கின்றன.

நானும் ஒரு துண்டுத் தாள் செய்தேன். 'பொது' என்று ஒரு ஃபைல். ஊர் பெயர்கள், கடைசி எண், இரண்டுக்கும் வேண்டியது அவ்வளவும் அதில். அது யாரையும் இறக்காது. மற்றவர்கள் அதை இறக்குவார்கள். ஃபைலைத் தம்பியைச் செய்யச் சொன்னேன். அவன் பொன்னேரியில் டைப்பிங் கற்றவன். பழைய தட்டச்சு முறையில் படபடவென்று அடிப்பான். அடித்துக் கொடுத்தான்.

'பொது என்ற மாட்யூல் இல்லை' என்றது பைத்தான்.

ஃபோல்டரைத் திறந்தால் இருக்கிறது. கண்ணெதிரே பொது. இறக்கும் வரியிலும் பொது. நான்கு தடவை எழுத்தெழுத்தாகப் படித்தோம். அவன் அம்மாவைக் கூப்பிட்டு, "ம்மா, இது இன்னா எழுதிக்கிது?" என்று கேட்டான். சித்தி வந்து பார்த்து "பொது" என்றார். எங்கள் மூன்று பேருக்கும் இருக்கிற ஃபைல் பைத்தானுக்கு மட்டும் இல்லை.

ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஃபைல் பெயரின் நீளத்தை எண்ணச் சொன்னேன். ஐந்து என்றது. இறக்கும் வரியில் நான் அடித்த பெயரை எண்ணச் சொன்னேன். நான்கு.

தமிழில் படிக்கிற நமக்கு பொது என்பது இரண்டே எழுத்து. கணினிக்குள் ஒகரக் குறி இரண்டு விதமாக இருக்கலாம். கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியாக ஓர் எண். அல்லது ஒற்றைக்கொம்புக்கு ஓர் எண், துணைக்காலுக்கு ஓர் எண். திரையில் எழுதிக்காட்டும்போது இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். தம்பியின் தட்டச்சு விசைப்பலகை கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போட்டிருந்தது. பைத்தான் நிரலுக்குள் வருகிற பெயர்களைப் படிக்கும்போதே சேர்த்து ஒன்றாக்கிவிடும். ஃபோல்டரில் இருக்கிற ஃபைலின் பெயரை அது தொடாது. என் லினக்ஸும் தொடாது. ஆகவே அது தேடியது நான்கு. அங்கே கிடந்தது ஐந்து.

பெயரை அழித்து நான் மறுபடி அடித்தேன். ஓடியது. தம்பிக்கு வருத்தம். டைப்பிங்கில் அவன் ஒரு தப்பும் செய்யவில்லை. தப்பு என்று யாரையும் சொல்ல முடியாது. ஒரே உருவத்துக்கு உள்ளே இரண்டு உடம்பு, அவ்வளவுதான். தமிழில் நிரல் எழுதுகிற எல்லோரும் என்றாவது ஒரு ராத்திரி இந்த ஐந்துக்கும் நான்குக்கும் நடுவில் உட்கார்ந்துதான் எழுந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். முத்து அண்ணாமலை போன்றவர்கள் எழில் என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழி செய்தார்கள். தமிழ் எழுத்தை எழுத்தாகவே எண்ணுவதற்கு ஓப்பன் தமிழ் என்ற நூலகத்தையும் செய்து பொதுவில் வைத்தார்கள். அதைப் பிறகு நான் இறக்கிக்கொண்டேன், பெயர்ப் பட்டியலை நேராக்குவதற்காக. வேண்டிய ஒரே ஒரு கருவியைப் பெயர் சொல்லி எடுத்தேன். 'அங்கிருப்பதெல்லாம் வரட்டும்' என்று நட்சத்திரக் குறி போட்டு இறக்குகிற வழியும் உண்டு. சோம்பேறிகளுக்கு வசதி. பக்கத்து வீட்டில் உப்பு வாங்கப் போய் அடுப்பங்கரையையே தூக்கி வருகிற காரியம் அது. வந்ததில் நம் வீட்டுப் பாத்திரம் எது, அவர்கள் வீட்டுப் பாத்திரம் எது என்று அப்புறம் தெரியாது.

2020 நவம்பர் 7-ம் தேதி பிற்பகல் ஸ்ரீஹரிகோட்டாவில் பிஎஸ்எல்வி-சி49 கிளம்பியது. ராக்கெட் விடுகிற நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போகக் கூடாது. எல்லோரும் கரையில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். தம்பியிடம் ஏரியான்-5 கதையைச் சொன்னேன். 1996 ஜூன் 4, ஐரோப்பியர்களின் புது ராக்கெட், முதல் பயணம், கிளம்பி நாற்பது நொடிக்குள் வெடித்துச் சிதறியது. திசையறியும் கருவிக்கான மென்பொருளைப் பழைய ஏரியான்-4-லிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். பழையதில் அது வருஷக்கணக்காக ஒழுங்காக வேலை செய்தது. புதியது அதைவிட வேகமாகப் பக்கவாட்டில் போனது. அந்தப் பெரிய எண் உள்ளே ஒதுக்கியிருந்த சிறிய இடத்தில் அடங்கவில்லை. இதில் கொடுமை என்னவென்றால், கவிழ்த்துவிட்ட அந்தப் பகுதிக்குக் கிளம்பிய பிறகு புது ராக்கெட்டில் வேலையே கிடையாது. பழையதில் இருந்ததே என்று விட்டுவைத்திருந்தார்கள்.

"நம்ம சேதி ஃபைல் மாதிரி" என்றான்.

ராக்கெட் மேகத்துக்குள் போய்விட்டது. இடிமுழக்கம் பிறகுதான் வந்தது.

ஏரியில் இறங்கிக் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் உண்டு. இடுப்பளவு தண்ணீரில் நாள் முழுக்க நிற்பார்கள். அவர்களில் ஒருவர் என் ஆயாவுக்குப் பழக்கம், எப்போதாவது வாசலில் வந்து உட்காருவார். போனில் முறை வருகிற விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு இன்னா வரும்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பாடு இடங்களில் அவர்களுக்கு உரிமை கிடையாது. தலித் மீனவர்களுக்கும் கிடையாது. அதைப் பற்றி ஏரியில் நடந்த தகராறுகள் பழையவை. நான் எழுதிய ஆறு ஃபைலிலும் அவருக்குப் பதில் சொல்லக்கூடிய வரி ஒன்றுகூட இல்லை. உள்ளதை ஒளித்துவை, கேட்டவருக்கு மட்டும் கொடு என்பது நிரலுக்கு நல்ல விதி. ஏரிக்கும் அதுவே நல்ல விதியா என்று அன்றைக்கு யோசித்தேன். ஆயா டீ கொடுத்தார். அவர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு கோடையில் முகத்துவாரம் மணலடித்து அடைத்துக்கொண்டது. இது புதிதில்லை. கடல்நீர் உள்ளே வராது. ஏரி சூடேறும். இறாலுக்குப் போக்கும் இல்லை, வரத்தும் இல்லை. ஆட்கள் கூடி மணலை வெட்டிவிடுவார்கள். சில வாரத்தில் மறுபடி மூடும். தினமும் காலையில் என் நிரல் மட்டும் கடமை தவறாமல் 'இன்று உங்கள் பாடு' என்று அனுப்பிக்கொண்டிருந்தது. சித்தப்பாவிடம் கேட்டேன், அடைத்துக் கிடக்கிற நாட்களில் முறை நகருமா, நிற்குமா?

அவர் நகரும் என்றார். எதிர்வீட்டுப் பெரியப்பா நிற்கும் என்றார். தாத்தா காலத்தில் எப்படி என்று இருவரும் ஆளுக்கொரு சாட்சி வைத்திருந்தார்கள். இரண்டு சாயங்காலம் திண்ணையில் வாதம் நடந்தது. நான் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு காத்திருந்தேன். எந்த முடிவுக்கு வந்தாலும் எனக்கு முறை ஃபைலில் ஒரு வரி. கணக்குக்குத் தெரிய வேண்டியதில்லை, சேதிக்குத் தெரிய வேண்டியதில்லை. மூன்றாம் நாள் ஊரில் பேசி முடிவு சொன்னார்கள். எழுதினேன். என்ன முடிவு என்பது ஊர் விஷயம்.

போன தை மாதம் தம்பிக்குக் கல்யாணம். எண்ணூரில் வேலை, ஆனாலும் பாட்டை விடமாட்டேன் என்று சொல்லிவிட்டான். கல்யாணத்துக்கு மறுவாரம் சித்தப்பா தேங்காய் பழத்தோடு ஊரில் சொல்லி அவனைத் தலைக்கட்டாகச் சேர்த்தார். எனக்குச் சென்னைக்கு போன் வந்தது. தலைக்கட்டு ஃபைலைத் திறந்து ஒரு வரி சேர்த்தேன். அவன் பெயர், அவன் அப்பா பெயர், போன் நம்பர். பொதுவைக் கேட்டு எண்ணை அதுவே கொடுத்தது. அறுபத்து நான்கு. மற்ற ஃபைல் எதையும் திறக்கவில்லை.

என் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. மூன்று நோட்டிலும் கிடையாது, கையெழுத்து மட்டும்தான். தாத்தாவிடம் ஒருமுறை கேட்டேன், எனக்கு எந்த நம்பர் என்று. "நீதாண்டி எழுதற" என்றார், அதுவே பதில் என்பதுபோல.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தம்பி கூப்பிட்டான். சேதி வந்துவிட்டதாம். பின்னால் யாரோ வலை உதறும் சத்தம் கேட்டது. "பேரு போட்டு வரும்னு நெனச்சேன்" என்றான். "அறுபத்து நாலுன்னு வந்துக்குது."